சின்ன வகுப்புகளில் பாலியல் கல்வி: முடிவு டெல்லியிலா, மாநிலத்திலா, ஊரிலா?

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் வழக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த, குற்றம் சாட்டப்பட்ட ஒரு சிறுவனின் வழக்கு. அதை விசாரித்தபோது நீதிபதிகள் மாநில அரசிடம் கூடுதலாக ஒன்றைக் கேட்டார்கள்: உங்கள் பள்ளிகளில் பாலியல் கல்வி எந்த வகுப்பில் தொடங்குகிறது? 9 முதல் 12 வரை கற்றுத்தருகிறோம் என்று அரசு பதில் தாக்கல் செய்தது. அது போதாது, இன்னும் சிறிய வயதிலேயே தொடங்க வேண்டும் என்று நீதிபதிகள் சஞ்சய் குமார், அலோக் ஆராதே அமர்வு சொன்னது. பருவம் எய்தும்போது உடலில் என்ன மாறுகிறது, அப்போது எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும் என்றது. அப்புறம், இதைச் சரிசெய்யும் வேலையைச் சம்பந்தப்பட்ட அதிகாரிகளிடம் விட்டுவிட்டது.

அந்த அதிகாரிகள் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஒன்றியக் கல்வி அமைச்சகமா, மாநிலப் பாடநூல் குழுவா, ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரா, பெற்றோர்களா? இருபது வருடமாக ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டியே இது நகர்ந்து வந்திருக்கிறது. இடையில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகள் பள்ளியில் சேர்ந்து, வளர்ந்து, வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆறு வயதுக் குழந்தைக்குப் பாலியல் கல்வி என்றதும் பலருக்கும் பகீரென்கிறது. உடலுறவைப் பற்றி அந்த வயதில் பாடம் நடத்துவார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல் 5 முதல் 8 வயது, 9 முதல் 12 வயது என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அதில் முக்கியமாக இருப்பவை இவைதான்: உடல் உறுப்புகளின் சரியான பெயர்கள், என் உடம்பை யார் தொடலாம் யார் தொடக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்ற புரிதல், பிடிக்காத ஒன்று நடந்தால் நம்பிக்கையான பெரியவரிடம் போய்ச் சொல்வது, சொன்னதற்காக நான் குற்றவாளி ஆகிவிட மாட்டேன் என்ற தெம்பு. ஒன்பது, பத்து வயதில் பருவ மாற்றங்களும் மாதவிடாயும் வருகின்றன. நம் ஊரில் 'குட் டச், பேட் டச்' என்று பேசப்படுவது இதில் ஒரு சிறு பகுதி.

சரி, சட்டப்படி யார் பொறுப்பு? அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் கொண்டுவந்த 42-ஆவது திருத்தம் 1976-இல் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அதற்குப் பிறகு ஒன்றிய அரசும் சட்டம் இயற்றலாம், மாநிலமும் இயற்றலாம்; முரண்பட்டால் பொதுவாக ஒன்றியச் சட்டம்தான் நிற்கும். 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தொடக்கக் கல்வி என்று வரையறுத்து, அதன் பாடத்திட்ட அதிகாரத்தை இரண்டாகப் பங்கிட்டது. தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை, அதாவது பாடங்களுக்கான பொது வரைவை, ஒன்றிய அரசு உருவாக்கும் என்று 7-ஆவது பிரிவு சொல்கிறது. உண்மையான பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் அந்தந்த அரசு அறிவிக்கும் கல்வி அமைப்பு வகுக்கும் என்று 29-ஆவது பிரிவு சொல்கிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளைப் பொறுத்தவரை அது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் (எஸ்.சி.இ.ஆர்.டி.) போன்ற மாநில அமைப்பு. ஆக, டெல்லி சட்டகம் போடும், புத்தகத்தில் என்ன அச்சாகிறது என்பதை மாநிலம் தீர்மானிக்கும். குழந்தையை அச்சம், அதிர்ச்சி, பதற்றம் இல்லாமல் வைத்திருக்கும் பாடத்திட்டமாக அது இருக்க வேண்டும் என்றும் அதே 29-ஆவது பிரிவு கேட்கிறது. பாலியல் கல்விக்கு இதைவிட நேரான சட்ட ஆதாரம் வேண்டியதில்லை. ஆனால் இந்த வரியை அந்தக் கண்ணோடு படித்தவர்கள் குறைவு.

2007-இல் நடந்தது

இன்றைய தயக்கங்களின் வேர் 2007-இல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

எய்ட்ஸ் பரவல் பற்றிய பயம் நாட்டை ஆட்டிவைத்த காலம் அது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவும் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் (இன்றைய கல்வி அமைச்சகம்) சேர்ந்து 2005-இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. அது உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்கானது. சின்ன வகுப்புகளுக்கு அதில் வேலையே இல்லை. ஆசிரியர்களுக்கான கையேடு, வகுப்பில் புரட்டிக் காட்டும் படத்தாள்கள், கேள்வி பதில்கள் எல்லாம் டெல்லியில் தயாராகி மாநிலங்களுக்குப் போயின.

அந்தப் படங்கள்தான் நெருப்பை மூட்டின. உடலமைப்பைக் காட்டிய படங்களைப் பிடித்துக்கொண்டு சட்டமன்றங்களில் கூச்சல் எழுந்தது. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று மாநிலம் மாநிலமாகத் திட்டத்தை நிறுத்தின. மத்தியப் பிரதேச முதல்வர் சிவராஜ் சிங் சௌகான், இதற்கு இந்தியப் பண்பாட்டில் இடமில்லை, பதிலாக யோகா கற்றுத்தரலாம் என்றார். பாஜக ஆண்ட மாநிலங்கள் மட்டும் எதிர்த்தன என்று சிலர் இதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. மகாராஷ்டிரத்தை அப்போது ஆண்டது காங்கிரஸ், தேசியவாத காங்கிரஸ் கூட்டணி. டெல்லியில் திட்டத்தைக் கொண்டுவந்ததும் காங்கிரஸ் தலைமையிலான அரசுதான். மும்பையில் இருந்தவர்களின் கட்சிக்காரர்களே டெல்லியிலும் இருந்தார்கள். அப்படியும் திட்டம் நிலைக்கவில்லை.

நாக்கோவும் அமைச்சகமும் பின்வாங்கி, படங்களையும் சர்ச்சைக்குரிய பகுதிகளையும் நீக்கித் திருத்திய கையேடு கொண்டுவந்தன. இதற்கிடையே மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்கு ஒரு மனு போயிருந்தது. வெங்கையா நாயுடு தலைமையிலான அந்தக் குழு 2009-இல் அறிக்கை தந்தது. பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது, திருமணத்துக்கு முன் உறவு தவறு என்ற செய்தியே போக வேண்டும், எய்ட்ஸ் போன்ற பாடங்கள் மேல்நிலை வகுப்பின் உயிரியலில் இருந்தால் போதும் என்று அது பரிந்துரைத்தது.

கடைசியில் திட்டம் எங்கே உயிரோடு இருந்தது தெரியுமா? பெரும்பாலும் கேந்திரிய வித்யாலயாக்களிலும் நவோதயா பள்ளிகளிலும் சி.பி.எஸ்.இ. வட்டத்திலும். ஒன்றிய அரசின் நேரடிப் பிடியில் இருந்த பள்ளிகள் அவை. நாட்டின் பெரும்பான்மைக் குழந்தைகள் படிக்கும் மாநில அரசுப் பள்ளிகளுக்குள் அது தடையின்றிப் போய்ச்சேரவில்லை. தேசியக் கட்டுப்பாடு என்று நாம் பயப்படுகிறோமே, அதன் உண்மையான எல்லை இதுதான்: டெல்லியால் அச்சடித்து அனுப்ப முடியும், வகுப்பறைக்குள் பேச வைக்க முடியாது.

அதே 2007-இல் ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் குழந்தைகள் மீதான வன்முறை குறித்த தேசிய ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசிய ஆய்வு அது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்ன குழந்தைகள் 53.22 சதவீதம். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. படத்தாள்களுக்காக அத்தனை சட்டமன்ற நேரம் செலவான அந்த வருடத்தில், இந்த எண்ணுக்காக எத்தனை மாநிலங்கள் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தன என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

2007-இன் உண்மையான தவறு, டெல்லி எதைத் தன் கையில் வைத்துக்கொண்டது, எதை விட்டுக்கொடுத்தது என்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. எந்தப் படம், எந்தச் சொல், எந்த உதாரணம், யார் நடத்துவது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறக்கூடியவை. அவற்றை டெல்லி முடிவு செய்தது. எந்தக் குழந்தைக்கும் எதைத் தெரியாமல் விடக் கூடாது என்பது நாடு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டியது. அதை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. தலைகீழாகச் செய்த பங்கீடு அது.

ஜார்க்கண்ட் வேறு வழியில் போனது

மற்ற மாநிலங்கள் கதவைச் சாத்திய அதே காலத்தில் ஜார்க்கண்ட் திறந்து வைத்திருந்தது. பழங்குடி மக்கள் கணிசமாக வாழும், குழந்தைத் திருமணம் அதிகமுள்ள, வசதி குறைந்த மாநிலம் அது. 2006-இல் மாநிலக் கல்வித் துறையும் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து, தேசியத் திட்டத்தைத் தங்கள் ஊருக்கேற்றபடி மாற்றிக்கொண்டன. 'உடான்' என்று பெயர் வைத்தார்கள். பாடங்களைத் தங்கள் மாணவர்களின் வாழ்க்கைக்கு ஏற்பத் திருத்தினார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக வளர்த்தார்கள். மேல் வகுப்புகளில் தொடங்கியது, கஸ்தூர்பா காந்தி உறைவிடப் பள்ளிகளின் சிறுமிகள் வரை போனது.

2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சித்தரிக்கும் காட்சிகளை வைத்திருப்பதும் குற்றமே என்று தீர்ப்பளித்தது நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜனவரியில் தந்த தீர்ப்பை மாற்றிய வழக்கு அது. பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்ற எண்ணம் தவறானது என்று அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதியே இருக்கிறது. இந்தியாவிலேயே செய்து காட்டிய உதாரணமாக நீதிபதிகள் எடுத்துச் சொன்னது ஜார்க்கண்டின் 'உடான்' திட்டத்தைத்தான்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஜார்க்கண்டைச் செய்ய வைத்ததும் மாநில உரிமைதான், குஜராத்தைத் தடுக்க வைத்ததும் அதே உரிமைதான். நான் கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும் என்று நம்புகிறவன். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாய் 2024-25-இல் நிறுத்தப்பட்டபோது, பணத்தைக் காட்டிப் பாடத்தை மாற்றவைக்கும் வேலை என்றுதான் அதைப் பார்த்தேன். அப்படிப்பட்டவன், ஒரு பாடம் மட்டும் எல்லா மாநிலத்துக்கும் கட்டாயம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பண்பாடு என்ற வாதம்

அதற்குப் போகுமுன், மாநிலங்கள் தடைக்குச் சொன்ன காரணத்தைப் பார்த்துவிட வேண்டும். இது நம் பண்பாடு இல்லை, இதையெல்லாம் நாம் வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் இல்லை என்றார்கள். தமிழ்நாட்டிலும் இதே பேச்சைக் கேட்கலாம்.

ஆனால் நம் ஊரில் ஒரு பெண் குழந்தை வயதுக்கு வந்தால் என்ன செய்கிறோம்? மண்டபம் பிடிக்கிறோம். பத்திரிகை அடிக்கிறோம். ஃபிளெக்ஸ் பேனரில் அவள் படத்தைப் போட்டுத் தெருமுனையில் கட்டுகிறோம். தாய்மாமன் சீர்வரிசையோடு மேளதாளத்துடன் வருகிறார். ஊருக்கே அவள் உடம்பில் நடந்த மாற்றம் தெரிகிறது. அவளுக்கு மட்டும்தான் பல வீடுகளில் அந்த நாள் வரை யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளாடையில் ரத்தத்தைப் பார்த்ததும் தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று பயந்து அழுத சிறுமிகளின் கதை இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. பேசாத பண்பாடு என்பது சரியில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் தாராளமாகப் பேசிக்கொள்கிறார்கள். யாருடைய உடம்போ அந்தக் குழந்தையை மட்டும் வெளியே நிறுத்துகிறார்கள்.

பெற்றோரின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் டெல்லியிலிருந்து எழுதிய பாடத்தை என் பிள்ளைக்கு எந்த வார்த்தைகளில் சொல்லப்போகிறார்களோ என்று ஒரு தாய்க்குக் கவலை இருப்பது நியாயம். அது எப்படிச் சொல்வது என்பதைப் பற்றிய கவலை. சொல்லவே கூடாது என்பதற்கு அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டதுதான் அரசியல் செய்த தவறு.

டெல்லியை நம்பலாமா?

அப்படியானால் ஒன்றிய அரசிடமே கொடுத்துவிடலாமா என்றால், அதன் வரலாறும் தெம்பு தரவில்லை. 2014-இல் ஒன்றிய சுகாதார அமைச்சராக இருந்த ஹர்ஷ் வர்தனின் தனிப்பட்ட இணையதளத்தில், பள்ளிகளில் பாலியல் கல்வி என்று சொல்லப்படுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது பெரிய சர்ச்சையானது. கொச்சையாகச் சொல்லித்தருவதைத்தான் எதிர்த்தேன் என்று பிறகு விளக்கினார். 2018-இல் ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் பள்ளி நலவாழ்வுத் திட்டம் வந்தது. 2020-இல் அதன் பாடப்பொருள் வெளியானது. 11 தலைப்புகள், இனப்பெருக்க நலம், பாலினச் சமத்துவம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எல்லாம் இருக்கின்றன. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல திட்டம்தான். ஆனால் அது நடுநிலை வகுப்புகளிலிருந்து மேலே உள்ளவர்களுக்கானது. ஒன்று முதல் ஐந்து வரை படிப்பவர்கள் மறுபடியும் வெளியே.

2021-இல், தேசியப் பாடநூல்களை உருவாக்கும் ஒன்றிய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி., திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேட்டை இணையத்தில் வெளியிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியதும் சில நாட்களிலேயே அது காணாமல் போனது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: 2025-இல் வந்த அதன் புதிய ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவத்துக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. முன்பு அது எட்டாம் வகுப்பில் இருந்தது. ஒரு வருடம் முன்னால் வந்தது நல்ல நகர்வு; அடுத்த அமைச்சர் வந்து பின்னால் தள்ளினால் தடுக்க எதுவும் இல்லை. டெல்லியின் பாடப் புத்தகத்தில் இருப்பது டெல்லியின் மனநிலை மாறும்வரைதான் இருக்கும்.

மற்ற நாடுகள் இதில் என்ன செய்தன? அமெரிக்காவில் பாடத்திட்டத்தில் தலையிட ஒன்றிய அரசுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. ஒன்றியக் கல்வித் துறையை உருவாக்கிய 1979-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. அதனால் வாஷிங்டன் பணத்தின் வழியாக நுழைந்தது. 1996-இல், திருமணம் வரை விலகியிருங்கள் என்று மட்டும் கற்றுத்தரும் மாநிலங்களுக்கு வருடம் 5 கோடி டாலர் தர முடிவானது. கலிஃபோர்னியா அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. அப்படி நடத்திய வகுப்புகளால் மாணவர்களின் நடத்தையில் எந்த மாற்றமும் இல்லை என்று நாடாளுமன்றம் கேட்டு நடந்த ஆய்வே 2007-இல் சொன்னது. பாடத்தில் தலையிடாதே என்ற சட்டம் இருந்தும் பணம் பாடத்தை வளைத்தது என்பது நமக்கும் தெரிந்த கதைதான்.

இங்கிலாந்து எடுத்த வழி எனக்கு அதிகம் பயன்படும்போலத் தெரிகிறது. 2020 செப்டம்பர் முதல் அங்கே எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் உறவுகள் பற்றிய கல்வி கட்டாயம். குடும்பம், நட்பு, மரியாதை, உடல் பாதுகாப்பு, யாரிடம் உதவி கேட்பது என்பவை அதில் வரும். பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை இல்லை. அதற்கு மேல், கருத்தரிப்பது எப்படி என்பது போன்ற பாலியல் கல்வியைத் தொடக்கப் பள்ளியில் தருவதா என்பதைப் பள்ளியே முடிவு செய்யலாம். பெற்றோர் வேண்டாமென்றால் விலக்கிக்கொள்ளலாம். கொள்கையை எழுதுமுன் பள்ளி பெற்றோரைக் கலந்து பேச வேண்டும். இதுவும் சிக்கலில்லாமல் போகவில்லை. 2019-இல் பர்மிங்காம் நகரின் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றின் வாசலில் பெற்றோர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். ஒருபால் இணையரின் குடும்பங்களைப் பற்றிய பாடங்கள்தான் அங்கே பிரச்சினை. ஆனாலும், எது நாட்டின் பொறுப்பு, எது பள்ளியின் விருப்பம் என்று ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. நம்மிடம் அந்தக் கோடு இல்லை.

அந்தக் கோட்டை எங்கே போடுவது

போலியோ சொட்டு மருந்தை நினைத்துப் பாருங்கள். மருந்து நாடு முழுக்க ஒன்று. எங்கள் மாநிலத்துக்கு வேண்டாம் என்று எந்த முதல்வரும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் முகாமுக்கு அழைத்தது பக்கத்துத் தெரு அங்கன்வாடி அக்கா. தயங்கிய தாயிடம் பேசியதும் அவர்தான். சில ஊர்களில் மதப் பெரியவர்களை வைத்துப் பேச வைத்தார்கள். மருந்து பொது, அழைக்கும் குரல் உள்ளூர்.

சின்ன வகுப்புகளின் பாலியல் கல்வியும் இப்படித்தான் பிரிக்கப்பட வேண்டும். குறைந்தபட்சம் என்று ஒன்று இருக்கிறது: உறுப்புகளின் பெயர், வேண்டாம் என்று சொல்லும் உரிமை, யாரிடம் சொல்வது, பருவ மாற்றம் வருமுன் அதைப் பற்றிய அறிவு. இதை மறுக்க எந்த மாநிலத்துக்கும் உரிமை இருக்கக் கூடாது. காரணம், குழந்தையைத் தவறான நோக்கத்தோடு தொடுவது எந்த ஊரில் நடந்தாலும் ஒரே குற்றம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம் குஜராத்துக்கும் ஜார்க்கண்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றே. தகவல் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாத ஆசிரியர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் தண்டனைக்கு உள்ளாவார். குற்றம் தேசிய அளவில் ஒன்று, தண்டனை ஒன்று. ஆனால் தனக்கு நடப்பது குற்றம் என்று தெரிந்துகொள்ளும் அறிவு மட்டும் குழந்தை பிறந்த மாநிலத்தைப் பொறுத்தது என்றால், அதை மாநில உரிமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாநில உரிமை என்பது மக்களின் அதிகாரம் டெல்லிக்குப் போகாமல் காக்கும் உரிமை. ஓட்டுப் போட முடியாத ஒரு எட்டு வயதுக் குழந்தையிடமிருந்து அறிவை மறைப்பதற்கு அது பயன்பட்டால், அங்கே யாருடைய அதிகாரமும் காக்கப்படவில்லை.

அந்தக் குறைந்தபட்சம் அமைச்சகத்தின் பாடநூலில் இருப்பதைவிடச் சட்டத்தில் இருப்பது பாதுகாப்பு. பாடநூல் ஆட்சிக்கு ஆட்சி மாறும். சட்டத்தில் இருந்தால் ஒரு தாய் நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்கலாம். வேடிக்கையல்ல, அதன் விதை ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. 2020-இன் போக்சோ விதிகளில் 3-ஆவது விதி, குழந்தைகளின் வயதுக்கேற்ற தனிநபர் பாதுகாப்புப் பாடப்பொருளையும் பாடத்திட்டத்தையும் ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் தயாரிக்க வேண்டும் என்கிறது. இரு தரப்பு மீதும் கடமையை வைத்திருக்கிறது. ஆனால் எந்த வகுப்பில், எத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் யார் கேட்பது என்று எதுவும் இல்லை. இருவர் மீதும் வைத்த கடமையை இருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடிகிறது. இந்த நான்கையும் அந்த விதியில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். விதியைத் திருத்தினால் போதும்.

மற்றதெல்லாம் மாநிலத்துக்கும் ஊருக்கும் சொந்தம். எந்த மொழியில், எந்தச் சொற்களில், படம் வைத்தா வைக்காமலா, மாணவர் மாணவியரைச் சேர்த்து வைத்தா தனித்தனியாகவா, ஆசிரியரா கிராம சுகாதாரச் செவிலியரா என்பதை அங்கேதான் முடிவு செய்ய முடியும். இதற்கு ஏற்ற அமைப்பும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்களை அரசு பெரிய அளவில் மறுசீரமைத்தது. கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறதா என்பதையெல்லாம் அந்தத் தாய்மார்கள் நன்றாகவே கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லப்போகிறோம் என்ற பேச்சை அவர்களிடம் கொண்டுபோகலாம். பாடத்தை முன்கூட்டியே காட்டினால் எதிர்ப்பின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும் என்று நம்புகிறேன். 2007-இல் பெற்றோர்கள் பாடத்தைப் பள்ளியில் பார்க்கவில்லை. கோபமான பேச்சுகள் வழியாகத்தான் கேள்விப்பட்டார்கள்.

ஆசிரியர்களை விட்டுவிட்டு இதைப் பேசி முடிக்க முடியாது. ஈராசிரியர் பள்ளியில், அதே ஊரில் வாழும் ஒரு ஆசிரியை, நாளைக்குக் கடைத்தெருவில் அந்தப் பெற்றோரைப் பார்க்க வேண்டியவர், பயிற்சியும் மேலிடத்தின் பாதுகாப்பும் இல்லாமல் இதைத் தனியாகப் பேச மாட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இந்தப் பாடத்தை நீங்களே படிச்சுக்கோங்க" என்று தாண்டிப்போகும் வகுப்புகள் எல்லோருக்கும் தெரியும். புகார் வந்தால் துறை தன் பக்கம் நிற்கும் என்று எழுத்தில் இருந்தால் அவர் பேசுவார். பயிற்சியை மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் தர முடியும். சென்னையில் துளிர் போன்ற அமைப்பு 2004-இலிருந்தே குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்கும் வேலையில் இருக்கிறது; அந்த அனுபவம் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை.

தமிழ்நாடு தனக்கென ஒரு மாநிலக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. பள்ளிகளில் 14417, 1098 என்ற உதவி எண்களை எழுதி வைக்கிறோம். புகார்ப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். எதைப் பற்றிப் புகார் செய்யலாம் என்பதைக் குழந்தைக்கு முறையாகச் சொல்லித்தருவது அடுத்த படி. நம் மாநில அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பில், புத்தகத்தின் பின்பகுதியில் இருக்கிறது. அதற்குள் வகுப்பில் உள்ள பெண் குழந்தைகளில் பலர் வயதுக்கு வந்து, விழாவும் முடிந்திருக்கும். அந்தப் பாடத்தை ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுவர, 29-ஆவது பிரிவின்படி, சென்னையில் எடுக்கும் முடிவே போதும்.